வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாள்

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். ஆட்டோக்காரர் முதலில் என் பெட்டியைப் பார்த்தார், பிறகு செருப்பைப் பார்த்தார். “சிங்கப்பூரா, மலேசியாவாம்மா?” என்றார். மலேசியா, கிள்ளான் என்றேன். “கோயிலுக்கா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வந்த காரியத்தைச் சொல்லி முடிக்க அந்த ஆட்டோ பயணம் போதாது.

காரியம் இதுதான். எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் தங்கபுஷ்பம் என்றொரு பெண் வேலைக்கு இருந்தார். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தளவாய்புரம் அவருக்கு ஊர். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. என்னைவிட எட்டு வயது மூத்தவரை நான் ‘புஷ்பம்’ என்றுதான் கூப்பிட்டேன். அக்கா என்று கூப்பிடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

புஷ்பம் நல்ல கறுப்பு. அம்மாவால் அதைச் சகிக்க முடியவில்லை. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் முகத்தில் க்ரீம் பூசிக்கொண்டு வரச்சொல்வாள். புஷ்பத்துக்கென்று தனித் தட்டு, தனி பிளாஸ்டிக் தம்ளர். நாங்கள் புகைப்படம் எடுக்கும்போது அவர் பின்னால் நடந்து போய்விடக்கூடாது. இத்தனைக்கும் நாங்களும் தமிழர்கள். என் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினார். வீட்டில் நான் சிவப்பு. பள்ளிக்கூடத்தில் நான் கறுப்பு. வேறு இனத்துப் பிள்ளை ஒன்று என்னைக் கறுப்பி என்று சொன்னதற்காக அம்மா தலைமையாசிரியர் அறைக்கே போய்ச் சண்டை போட்டாள். அதே அம்மாதான் பின்னாளில் வீட்டில் புஷ்பத்தை அந்தப் பெயரிலேயே கூப்பிடுவாள்.

அம்மா இறந்த பிறகு நான் ஒரு திகில் படம் எழுதி இயக்கினேன். அதில் பேய் கிடையாது, ரத்தம் கிடையாது. கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வீடு. அங்கே வேலைக்கு வருகிறாள் ஒரு தமிழ்ப்பெண். அந்த வீட்டுக் கண்ணாடிகளில் அவள் உருவம் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வருகிறது. வீட்டுக்காரர்கள் அவளைப் பாராட்டுகிறார்கள். கடைசியில் ஒருநாள் கண்ணாடியில் அவளே இல்லை. நிறவெறியைத் துணிச்சலாகக் காட்டிய படம் என்று பேசினார்கள். ஒரு திரையிடல் முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து, “இது நிஜமாக நடந்த வீடு எது?” என்று கேட்டார். முழுக்கக் கற்பனை என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அந்த வீட்டுக்காரர்களை வெள்ளைக்காரர்களாக மாற்றியது மட்டும்தான் என் கற்பனை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

புஷ்பத்தின் மகள் ஷீபாவின் எண் கிடைக்க ஆறு மாதம் ஆயிற்று. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) போனில் பேசியபோது, “வாங்க, ஆனா அம்மா ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் பகல்ல வீட்ல இருப்பாக” என்றாள். அதனால்தான் எனக்கு இந்த ஊரில் இரண்டு நாள் மிச்சம் விழுந்தது.

லாட்ஜில் குளித்துவிட்டுக் கோயில் தெருவில் நடந்தேன். கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. எங்கள் ஊர்க் கோயில்களில் பெயின்ட் பளபளக்கும். இங்கே கல் தன் நிறத்திலேயே இருந்தது. பால்கோவாக் கடையில் இலையில் வைத்துச் சூடாகக் கொடுத்தார்கள். இரண்டாவது வாய்க்கே திகட்டியது. கடைக்காரர் சிரித்தார். “வெளிநாட்டு ஆளுகளுக்கு எல்லாத்துலயும் இனிப்புக் கம்மியா வேணும். இது அப்படி இல்லம்மா.”

சனிக்கிழமை ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். ஷீபா அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மா. ஜன்னலோரம் அவருடைய மகள், இருபது வயதிருக்கும். அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“வெளிநாட்டுல இருந்தா கலரு வந்துரும் போலயே” என்றார். “எம் மவளப் பாருங்க. மூணு எடம் வந்து தட்டிப் போச்சு. எம்புட்டு க்ரீம் வாங்கிக் குடுத்தாலும் ஏற மாட்டேங்கு.”

அந்தப் பெண் திரும்பவே இல்லை. வெளியே தென்னந்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “உங்க மகள் அழகாத்தான் இருக்காங்க” என்றேன். சொன்ன மாத்திரத்தில் அது எவ்வளவு மட்டமான ஆறுதல் என்று தெரிந்தது. அந்த அம்மா, “நீங்க சொல்லுவீக” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜபாளையத்தில் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ஷீபா சொன்ன ஓட்டல் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம். வெயிலில் நடந்து போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிட்டேன். வழியில் இரண்டு பேர் கடைவாசலில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறி வழி சொல்லிவிட்டு மறுபடி தெலுங்குக்குத் திரும்பினார்கள். கிள்ளானிலும் நாங்கள் இப்படித்தான், ஆளுக்கு ஒரு பாஷை. அதைப் பார்த்ததில் கொஞ்சம் வீட்டு ஞாபகம் வந்தது.

ஷீபா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். புஷ்பத்தின் அதே முகம், அதே நிறம், அதே பெரிய கண். அவள் பரோட்டா சொன்னாள். எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெத்தென்று இருக்கும். இது எண்ணெயில் முறுகி நொறுங்கியது. சால்னாவைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்து சாப்பிடச் சொல்லிக் கொடுத்தாள்.

“உங்களைப் பத்தி அம்மா நெறையச் சொல்லிருக்காக” என்றாள். “மலேசியான்னு பேச்சு வந்தாலே ஒங்க கதைதான். கதவைத் தெறந்து விட்ட பாப்பான்னுதான் சொல்லுவாக.”

நான் கையைக் கழுவப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன். இலையில் பாதிப் பரோட்டா அப்படியே இருந்தது.

அன்று மாலை திரும்பி வரும் பஸ்ஸில் அந்த ஒரு வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது எந்தக் கதவு என்று சொல்லவேண்டும்.

என் அக்காவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள். புஷ்பத்துக்கு என் அத்தையின் முகச்சாயல். “பாத்தா நம்ம சொந்தம்னு நெனச்சிடுவாங்க. அவ கண்ணுல படக்கூடாது” என்றாள் அம்மா. பின்பக்கம் சாமான் போடும் அறை. ஜன்னல் கிடையாது, தகரக் கூரை. செத்த நேரம் உள்ளே இரு என்று புஷ்பத்தைப் போகச்சொன்னாள். புஷ்பம் உள்ளே போனார். காலை பத்து மணி இருக்கும். வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. அம்மா கூடத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் போய் வெளிப்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டேன்.

பேச்சு முடிவாகி, சாப்பாடும் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் கல்யாண மண்டபத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். நாங்கள் எல்லோரும் கூடப் போனோம். திரும்பும்போது மணி ஆறு. நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். புஷ்பம் தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் வாயை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “பாப்பா, பாப்பா” என்று அழுதார். இரண்டு மாதத்தில் ஊருக்கே திரும்பிவிட்டார்.

கதவைத் திறந்தவளை அவருக்குத் தெரியும். அடைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. படத்தில் அந்தத் தாழ்ப்பாளை வெள்ளைக்காரியின் கை போடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையத்தில் இரண்டு பஸ்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒருவர் கை காட்டிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பாதி தூரம் போனபிறகு கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தார்.

“தளவாய்புரமா? ஏம்மா, இது சோழபுரம் வண்டி. புரம்னு கேட்டதும் ஏறிட்டீகளா?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிப்போகிறதே என்று. வயல்களுக்கு நடுவே இறக்கிவிட்டார்கள். உரமூட்டை ஏற்றிப்போன ஒரு லோடு ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். ராஜபாளையத்துக்கே திரும்பிச் சரியான பஸ்ஸைப் பிடித்து, தளவாய்புரம் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது.

தெருவில் நுழைந்ததும் தையல் மெஷின் சத்தம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் குறைவு என்றாள் ஷீபா. அவள்தான் வந்து அழைத்துப் போனாள். வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கிறார்கள். வாசல்களில் பூப்போட்ட துணிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கிள்ளானில் அம்மா வீட்டில் நாள் முழுக்க நைட்டியோடுதான் இருப்பாள். அவள் போட்டதில் ஒன்றிரண்டு இந்தத் தெருவில் தைத்ததாகக்கூட இருந்திருக்கலாம்.

புஷ்பம் சர்ச்சிலிருந்து வந்து சேலை மாற்றாமல் காத்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பாப்பா! என்ன இம்புட்டு மெலிஞ்சிட்டீக?”

“அக்கா” என்றேன். முதல் தடவை.

“அது என்ன புதுசா? பேரச் சொல்லியே கூப்பிடுங்க. அதுதான் எனக்குக் காதுல பழகிருக்கு.”

கோழிக்குழம்பு வைத்திருந்தார். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். “சாப்பிடுங்க, ஆறிரும்” என்று மட்டும் சொன்னார். அம்மா இறந்த செய்தியைச் சொன்னேன். சோற்றில் வைத்த கையை எடுத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “அவிய வாய் அப்படி. ஆனா காய்ச்சல்ல கெடந்தப்ப எனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தாக. அதையும் சொல்லணும்லா” என்றார். அது எனக்கு ஞாபகமே இல்லை.

சாப்பிட்ட பிறகு கட்டிலில் மடிக்கணினியை வைத்துப் படத்தைப் போட்டேன். புஷ்பம் தரையில் உட்கார்ந்து, மடியில் நைட்டிகளைப் போட்டுக்கொண்டு சின்னக் கத்தரியால் நூல் பிசிறு வெட்டியபடியே பார்த்தார். ஷீபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் புஷ்பம் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். “இந்தப் பிள்ளைக்குக் கருப்பு பூசிருக்கீகளோ? காதுக்குப் பின்னாடி வெள்ளையாத் தெரியுதே.”

எத்தனையோ பேர் பார்த்த படம். ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

“கறுத்த பிள்ளை ஒண்ணும் கெடைக்கலியா?” என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முகம் தெரிந்த நடிகை வேண்டும் என்றார் தயாரிப்பாளர் என்றேன். “அதுவும் சரிதான்” என்று மறுபடி பிசிறு வெட்ட ஆரம்பித்தார்.

அந்தக் காட்சி வந்தது. வெள்ளைக்காரியின் கை தாழ்ப்பாளைத் தள்ளுகிறது. உள்ளே இருட்டு. பெண்ணின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. புஷ்பத்தின் கத்தரி நின்றுவிட்டது. அவருடைய மூச்சும் திரையில் கேட்ட மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கின. நான் படத்தை நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். முடியும்வரை பார்த்தார்.

ஷீபாதான் முதலில் பேசினாள். “ஏன் வெள்ளைக்காரியாப் போட்டீங்க? அது உங்க வீடுதான?”

“ஏட்டி, சும்மா இரு” என்றார் புஷ்பம். “பெத்த தாயை யாராவது படத்துல அப்படிக் காட்டுவாகளா? பாவம், பாப்பா என்ன செய்யும்? அந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதுதான கதவத் தெறந்து தண்ணி குடுத்துச்சு.”

இதோடு நிறுத்தியிருக்கலாம். சாயங்கால பஸ்ஸில் ஏறியிருந்தால் அவருடைய வாழ்நாள் முழுக்க நான் நல்லவளாகவே இருந்திருப்பேன். ஆனால் நான் அவ்வளவு தூரம் வந்தது எனக்காக, என் தூக்கத்துக்காக. அது அன்று எனக்குப் புரியவில்லை.

“தாழ்ப்பாளைப் போட்டதும் நான்தான்” என்றேன். “அம்மா கண்ணைக் காட்டினாங்க. நான் போட்டேன். அப்புறம் மறந்துட்டு மண்டபத்துக்குப் போயிட்டேன். மன்னிச்சிடுங்க அக்கா.”

புஷ்பம் எழுந்தார். மடியில் இருந்த நைட்டிகள் தரையில் சரிந்தன. வெளியே போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்தார். பாதி இன்னும் ஈரமாகவே இருந்தன. எடுத்ததைத் திரும்பவும் போட்டார். ஷீபா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மெஷின் ஓடி ஓடி நின்றது.

உள்ளே வந்தவர் என் எதிரே நின்றார்.

“நீயா?” என்றார். அத்தனை வருஷத்தில் என்னை நீ என்று அவர் சொன்னதே இல்லை.

“ஆமாம்.”

“ஒங்கம்மான்னு நெனச்சேன். இத்தனை வருசமும் அவியளத்தான் மனசுக்குள்ள வஞ்சேன்.” புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “இதச் சொல்லாமலே போயிருக்கலாமே நீ. அம்புட்டுப் பெரிய வீட்டுல எனக்குன்னு ஒரு ஆள் இருந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இவளுக்கும் அப்படித்தான் சொல்லி வளத்தேன். மோசமான எடத்துலயும் ஒரு நல்லது இருக்கும் பாருன்னு. இனி நான் இவட்ட என்னத்தச் சொல்ல?”

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அதைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல் வந்தது என்று நினைக்கிறேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கெளம்பு. அடுத்த பஸ்ஸ விட்டா லேட்டாயிரும்.”

ஷீபா நிறுத்தம் வரைக்கும் வந்தாள். பஸ் வந்ததும் கண்டக்டரிடம், “இவியள ராஜபாளையத்துல எறக்கிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸக் காட்டிருங்கண்ணே, இவியளுக்கு வழி தெரியாது” என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை பகல் முழுவதும் லாட்ஜ் அறையில் கிடந்தேன். தயாரிப்பாளருக்கு போன் போட்டு, இனிமேல் படம் எங்கே திரையிட்டாலும் இது என் வீட்டில் நடந்தது, கதவை அடைத்தவள் நான் என்று மேடையில் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “சொல்லு, அது படத்துக்கு நல்லதுதான்” என்றார். போனை வைத்துவிட்டேன். புஷ்பத்தின் உண்மைப் பெயரை எந்த மேடையிலும் சொல்லமாட்டேன் என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டேன். காலையில் வாங்கிவந்த இட்லி பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரயில் அரைமணி நேரம் தாமதம். பக்கத்தில் ஒரு குடும்பம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, எனக்கும் ஒரு இலையில் வைத்து நீட்டியது. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். ஷீபா போனில் கூப்பிட்டாள்.

“அம்மா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாக” என்றாள். “நேத்துல இருந்து பேசவே இல்ல. இன்னிக்கு மதியம் போன்ல கூப்பிட்டுச் சொன்னாக. அன்னிக்குச் சாயந்தரம் கதவைத் தெறந்தீங்கல்ல. அம்மா உள்ள இருக்காகன்னு ஞாபகம் வந்து தெறந்தீங்களா, இல்ல வேற எதுக்கும் வந்தீங்களா?”

எதிர்த் தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. இலையை மடித்துப் பெஞ்சில் வைத்தேன்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்களோட திரும்பி வந்தாங்க” என்றேன். “உட்கார நாற்காலி பத்தலை. மடக்கு நாற்காலி அந்த அறையிலதான் இருந்துச்சு. அதை எடுக்கப் போனேன்.”

இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“அம்மா பக்கத்துலதான் இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல. உள்ள மெஷின்ல இருக்காக.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “ஞாபகம் வந்துதான் ஓடி வந்தீங்கன்னு நான் அம்மாட்ட சொல்லிருதேன்.”

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.